கேரட்டில் 0.02 மில்லிகிராம்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் காய்கறியில் தங்கும் பூச்சிமருந்து பற்றி நாலு வரிதான் எழுதினேன். அதற்குக் கேத்தி, ஊட்டி, கோத்தகிரி, கூடலூர் என்று மலை முழுக்க இருந்து கடிதம் வந்துவிட்டது, கொடைக்கானலில் இருந்துகூட ஒன்று. ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துவிட்டு, மிச்சத்துக்கு இங்கே பதில் சொல்கிறேன். உணவுப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது குன்னூரில் இருப்பவள் நான். கடிதம் எழுதியவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன், பெயர் வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டிருந்தார்கள்.

அக்கா, என் கொழுந்தனார் எங்கள் ஊர் கேரட்டைக் கோயம்புத்தூரில் ஒரு லேபில் கொடுத்துப் பார்த்தார். குளோர்பைரிபாஸ் 0.02 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. பக்கத்தில் ஐரோப்பிய வரம்பு 0.01 என்று போட்டு சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறார்கள். பையனுக்கு 3 வயசு, 12 கிலோ எடை. கேரட் என்றால் உயிர். நிறுத்திவிடட்டுமா? ராத்திரி தூக்கமே வருவதில்லை.
*– கேத்தி வாசகி*

நிறுத்த வேண்டாம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன், பேனா எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள், அப்போதுதான் தூக்கம் வரும்.

குளோர்பைரிபாஸ் ஒரு பூச்சிமருந்து. 0.02 என்பது ஒரு கிலோ கேரட்டில் 0.02 மில்லிகிராம். உங்கள் பையன் ஒரு நாளைக்கு 60 கிராம் கேரட் சாப்பிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம், நடுத்தரமான ஒரு கேரட் அவ்வளவுதான் இருக்கும். அப்படியானால் அவன் வயிற்றுக்குள் போவது 0.0012 மி.கி. அதை அவன் எடை 12 கிலோவால் வகுத்தால், உடம்பு எடையில் கிலோவுக்கு 0.0001 மி.கி. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு இந்த மருந்துக்கு 1999-ல் வைத்த தினசரி வரம்பு, உடம்பு எடையில் கிலோவுக்கு 0.01 மி.கி. ஆக உங்கள் பையனுக்குப் போவது வரம்பில் நூறில் ஒரு பங்கு. அந்த வரம்பைத் தொட வேண்டுமானால் அவன் தினமும் 6 கிலோ கேரட் தின்ன வேண்டும்.

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள், படித்தவர்களும்கூட. ரிப்போர்ட்டில் இருக்கிற 0.01 வேறு, நான் மேலே சொன்ன 0.01 வேறு. ரிப்போர்ட்டில் இருப்பது ஒரு கிலோ கேரட்டுக்கு. நான் சொன்னது ஒரு கிலோ உடம்புக்கு. முதலாவது வயலையும் வியாபாரத்தையும் கண்காணிக்கிற சட்ட வரம்பு: விவசாயி லேபிளில் சொன்னபடி மருந்தடித்து, சொன்ன நாள் காத்திருந்து அறுத்தால் காயில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று வயல் சோதனை செய்து பார்த்து வைப்பது. அதற்கப்புறம் அந்த அளவு சாப்பாட்டில் சேர்ந்தால் உடம்பின் வரம்பைத் தாண்டுமா என்று தனியாகச் சரிபார்ப்பார்கள். ஐரோப்பாவில் குளோர்பைரிபாஸை 2020-ல் நிறுத்திவிட்டார்கள். ஒரு மருந்தைத் தடை செய்தால், கருவி நம்பகமாக அளக்கக்கூடிய ஆகக் குறைந்த அளவையே அங்கே வரம்பாக வைத்துவிடுவது வழக்கம். அந்த 0.01 அப்படி வந்தது. அதைத் தாண்டினால் 'இதை இங்கே விற்கக்கூடாது' என்று அர்த்தம், தின்றவனுக்கு விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம் இல்லை. கிலோவுக்கு 0.01 மி.கி. எவ்வளவு சின்னது என்று தெரிய வேண்டுமானால், மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிற 10 டன் லாரி பத்தை வரிசையாக நிறுத்தி, அத்தனை மூட்டையிலும் சேர்த்து ஒரே ஒரு கிராம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு இருக்கும் கருவி அதைக் கண்டுபிடித்துவிடும். 'கண்டுபிடிக்கப்பட்டது' என்ற ஒரு வார்த்தையைப் பார்த்ததும் நடுங்க வேண்டியதில்லை.

சரி, உடம்புக்கான அந்த எண் எங்கிருந்து வந்தது? எலி, சுண்டெலி, நாய் மூன்றுக்கும் வெவ்வேறு அளவில் இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூளையில் நரம்புச் செய்தியை அணைக்கிற ஒரு நொதி இருக்கிறது, இந்த மருந்து அதைத்தான் முடக்கும். எந்த அளவு வரைக்கும் அந்த நொதி அசையாமல் இருந்தது என்று பார்த்ததில், கிலோவுக்கு 1 மி.கி. என்று வந்தது. அதை நூறால் வகுத்தால் 0.01. ஏன் நூறு? விலங்கை விட மனிதனுக்குப் பத்து மடங்கு அதிகம் தாக்கலாம் என்று ஒரு பத்து, மனிதருக்குள்ளும் ஒருவருக்கு இன்னொருவரை விடப் பத்து மடங்கு தாக்கலாம் என்று இன்னொரு பத்து. 1954-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் வேலை செய்த லேமன், பிட்ஸ்ஹியூ என்ற இரண்டு பேர் எழுதி வைத்த பழக்கம் இது, இன்று வரைக்கும் உலகம் முழுக்க அதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். இயற்கை விதி எதுவும் இல்லை, அனுபவப்பட்டவர்கள் உட்கார்ந்து பேசி வைத்த இடைவெளி. அதனால் வரம்பை ஒரு நாள் கொஞ்சம் தாண்டினாலும் உடனே ஒன்றும் ஆகிவிடாது, ஆயுள் முழுக்க தினமும் தின்றாலும் பரவாயில்லை என்பதற்கான அளவு அது. ஒரே நாளில் ஒரே வேளையில் அதிகம் போனால் என்ன ஆகும் என்பதற்கு வேறு எண் உண்டு, இந்த மருந்துக்கு அது கிலோவுக்கு 0.1 மி.கி.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் அது நியாயம் இல்லை. 2019-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதே மருந்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தது. மரபணுவைச் சிதைக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, வயிற்றில் இருக்கும் குட்டியின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிற அடையாளமும் எலி ஆய்வில் தெரிகிறது, அதனால் பாதுகாப்பான அளவு என்று எந்த எண்ணையும் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அதாவது மேலே நான் போட்ட கணக்கில் வகுக்கிற எண்ணையே அவர்கள் எடுத்துவிட்டார்கள். ஒரே மருந்துக்கு இரண்டு பெரிய குழு இரண்டு விதமாகச் சொல்கிறது என்றால், குழந்தை வைத்திருக்கிற நான் என்ன செய்வேன்? கேரட்டை நிறுத்த மாட்டேன். இந்த மருந்து செடிக்குள் ஊடுருவிப் போகிற வகை இல்லை, பெரும்பகுதி தோலோடுதான் இருக்கும், அதனால் தலைப்பகுதியைக் கொஞ்சம் தாராளமாக வெட்டிவிட்டு, தோலைச் சீவிக் கொடுப்பேன். லேபில் நாங்கள் தோல் சீவாமல்தான் அரைப்போம், ஆரஞ்சைக்கூடத் தோலோடுதான், அதனால் ரிப்போர்ட்டில் வருகிற எண் தட்டில் இருப்பதை விட எப்போதும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். மெஷினில் கழுவிப் பளபளவென்று வருகிற கேரட்டில் மண்தான் போயிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய்ப் பசையுள்ள மருந்து தண்ணீரில் அவ்வளவு சுலபமாகப் போகாது.

அப்புறம் ஒரே காயைத் தினமும் கொடுக்காமல் ஒரு நாள் பீட்ரூட், ஒரு நாள் அவரை என்று மாற்றிக் கொடுங்கள். குளோர்பைரிபாஸ் மாதிரி அதே நொதியை முடக்குகிற மருந்து இன்னும் பல உண்டு. காய்க்குக் காய் ஒவ்வொன்றும் வரம்புக்குள் இருந்தாலும் உடம்புக்குள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதால் கூட்டித்தான் பார்க்க வேண்டும், ரிப்போர்ட் அப்படிக் கூட்டிக் காட்டாது.

அம்மா, எனக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. இந்த மருந்து அடிக்காதே, அந்த மருந்து அடிக்காதே என்று பேக்டரியில் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். அடித்த இலையை எடுக்க மாட்டேன் என்கிறார்கள். முப்பது வருசமாக நாங்களும் அந்தத் தூளைத்தானே போட்டுக் குடிக்கிறோம், எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?
*– கோத்தகிரி பக்கம் ஒரு சிறு விவசாயி*

அய்யா, உங்கள் கோபம் புரிகிறது. பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாத நேரத்தில் இது வேறு தலைவலி. ஆனால் பேக்டரிக்காரர் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

மற்ற காயை நாம் கழுவுகிறோம், சீவுகிறோம். தேயிலையைப் பறித்ததில் இருந்து கொதிதண்ணீரில் போடுகிற வரைக்கும் ஒரு தடவைகூட யாரும் கழுவுவதில்லை. அதோடு நாலு, நாலரை கிலோ பச்சை இலை வாடி, நசுங்கி, காய்ந்து ஒரு கிலோ தூளாகிறது. இலையில் இருந்ததில் உலர்த்தும் சூட்டில் கொஞ்சம் போனாலும் மிச்சம் நாலு மடங்கு செறிவாகி நிற்கும். ஏழாம் நாள், பத்தாம் நாள் என்று திரும்பத் திரும்பப் பறிக்கிற பயிர் இது, மருந்துக்கும் பறிப்புக்கும் நடுவில் இடைவெளியே கிடைப்பதில்லை. தேயிலை வாரியம் பயிர்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பு என்று போட்டு எந்த மருந்து, எத்தனை நாள் காத்திருப்பு என்று பட்டியல் கொடுப்பது அதனால்தான்.

குடிக்கிறவர் பக்கம் வேறு கணக்கு. ஒரு கப்புக்கு 2 கிராம் தூள்தான் போடுகிறோம், இலையைத் தின்பதில்லை, சாற்றை மட்டும்தான் எடுக்கிறோம். தண்ணீரில் கரையாத மருந்து, டைகோபால் மாதிரி, பெரும்பாலும் சக்கையோடேயே நின்றுவிடும். ஆனால் இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம் மாதிரி தண்ணீரில் கரைகிறவை நேராகக் கப்புக்குள் இறங்கிவிடும். அதனால் தூளில் ஒரே அளவு இருந்தாலும் இரண்டும் ஒன்றில்லை. 'முப்பது வருசமாகக் குடிக்கிறோமே' என்பதை மட்டும் நான் ஆதாரமாக எடுக்க மாட்டேன் அய்யா. இந்த மாதிரி சின்ன அளவு செய்கிற கெடுதல் ஒருவரைப் பார்த்தால் தெரியாது, ஆயிரம் பேரை வருடக் கணக்கில் பார்த்தால்தான் தெரியும், அதுவும் கஷ்டப்பட்டு.

கூடலூரில் இருந்து ஒருவர் சாயம் போட்ட தூள் பற்றிக் கேட்டிருந்தார், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஈரமாக்கிய வெள்ளை வடிதாளில் ஒரு சிட்டிகை தூளைத் தூவி ஐந்து நிமிடம் விடுங்கள். நல்ல தூளென்றால் லேசான பழுப்புக் கறைதான் வரும். மஞ்சளோ ஆரஞ்சோ ஓடிப் பரவினால் சாயம். அதில் எவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்ற கேள்விக்கே இடம் இல்லை, தேயிலையில் சாயம் சேர்க்க அனுமதியே கிடையாது, வாங்கின கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு உணவுப் பாதுகாப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.

மேடம், ஊட்டியில் சின்னதாகச் சிப்ஸ் கடை வைத்திருக்கிறேன். பனிக்காலத்தில் மட்டும் சிப்ஸ் எண்ணெயில் போட்டதும் கறுத்துப் போகிறது. கிழங்கு அதே தோட்டத்துக் கிழங்குதான். இப்படிக் கறுத்தால் கேன்சர் வரும் என்று வாடிக்கையாளர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். உண்மையா?
*– ஊட்டி வாசகர்*

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் இதில் யாரும் எந்த மருந்தையும் ஊற்றவில்லை, கிழங்கும் சூடும் சேர்ந்து செய்கிற வேலை.

உருளைக்கிழங்கு குளிரில் கிடந்தால், சுமார் 8 டிகிரிக்குக் கீழே போனால், உள்ளே இருக்கிற மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். உறைபனி விழுகிற ராத்திரிகளில் உங்கள் ஷெட் என்ன டிகிரியில் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சர்க்கரையும் கிழங்கில் இயல்பாகவே நிறைய இருக்கிற அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் 120 டிகிரிக்கு மேல் சூட்டில் சேர்ந்தால் நிறம் கறுக்கும், கூடவே அக்ரிலமைடு என்ற பொருள் உருவாகும். பிளாஸ்டிக், பசை வேலைகளில் புழங்குகிற ரசாயனம் என்றுதான் அதை எல்லாரும் நினைத்திருந்தார்கள். வறுத்த சாப்பாட்டிலேயே இருக்கிறது என்று 2002-ல் சுவீடன்காரர்கள் சொன்னபோது உலகமே திகைத்தது.

எலிகளில் இது புற்றுநோய் உண்டாக்குகிறது, மரபணுவைத் தொடுகிறது. அப்படிப்பட்ட பொருளுக்கு 'இதுவரைக்கும் ஒன்றும் ஆகாது' என்று கோடு கிழித்து நூறால் வகுக்க முடியாது, அந்தக் கோடே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் வேறு மாதிரி பார்க்கிறார்கள். விலங்கில் கட்டி பத்து சதவீதம் கூடுகிற அளவை எடுத்து, அதற்கும் மக்கள் தினமும் தின்கிற அளவுக்கும் நடுவில் எத்தனை மடங்கு இடைவெளி என்று பார்ப்பது. பத்தாயிரம் மடங்கு இருந்தால் கவலை குறைவு. 2015-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அக்ரிலமைடுக்குக் கணக்குப் போட்டபோது சராசரியாகத் தின்கிற பெரியவர்களுக்கு 425 மடங்குதான் வந்தது, அதிகம் தின்கிற சின்னக் குழந்தைகளுக்கு வெறும் 50. பூச்சிமருந்துக்கு இப்படி ஒரு எண் வந்திருந்தால் ஊர் பற்றி எரிந்திருக்கும், சிப்ஸ் என்பதால் யாரும் பேசுவதில்லை. மனிதரிடம் நடத்திய ஆய்வுகளில் இது தெளிவாக நிரூபணம் ஆகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதனால் உங்கள் வாடிக்கையாளர் சொன்னது பாதி சரி.

ஆனால் குறைக்க முடியும், அதுவும் உங்கள் கையிலேயே இருக்கிறது. மூட்டையைக் குளிர் ஷெட்டில் இருந்து எடுத்து, வெளிச்சம் படாத, அடுப்புச் சூடு கொஞ்சம் எட்டுகிற அறையில் 15 முதல் 20 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் வைத்தால் சர்க்கரையில் நல்ல பங்கு திரும்ப மாவாகிவிடும். சீவின வில்லையைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, ஈரத்தைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். எண்ணெய் 175 டிகிரியைத் தாண்ட வேண்டாம், ஒரு தெர்மாமீட்டர் வாங்கிப் போடுவது நல்லது. வில்லை தங்க மஞ்சளில் இருக்கும்போதே அள்ளிவிடுங்கள், ஓரம் பழுப்பாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். புதுக் கிழங்கு மூட்டை வந்தால் நாலு வில்லை போட்டுப் பார்த்து, கறுத்தால் அந்த மூட்டையைச் சிப்ஸுக்கு எடுக்காமல் குருமாவுக்குக் கொடுத்துவிடுங்கள், வேகவைத்தால் இந்தப் பிரச்சினை கிடையாது. வீட்டில் இருக்கிறவர்களும் கிழங்கைப் பிரிட்ஜில் வைக்காதீர்கள்.

பச்சை படிந்த உருளைக்கிழங்கை அந்த இடத்தை வெட்டிவிட்டுச் சமைக்கலாமா?
*– எடப்பள்ளி வாசகி*

கொஞ்சமாகப் பச்சை என்றால் ஆழமாக வெட்டி, முழுத் தோலையும் சீவிவிட்டுச் சமைக்கலாம். நிறையப் பச்சை, முளை, வாயில் வைத்தால் கசப்பு, இதில் எது இருந்தாலும் தூக்கிப் போடுங்கள், மாட்டுக்கும் வேண்டாம். பச்சை நிறம் பாவம் இல்லை, அது இலையில் இருக்கிற பச்சையம்தான். ஆனால் அதை வரவைத்த வெளிச்சமே சோலனின் வகை நஞ்சையும் கூட்டுகிறது, வேகவைத்தாலும் அது அழியாது. நல்ல கிழங்கில் கிலோவுக்கு 20 முதல் 100 மி.கி. வரை இருக்கும், 200-க்கு மேல் போனால் சாப்பிடத் தகுதியில்லை என்பது பழைய வழக்கம். 200 உள்ள கிழங்கில் கால் கிலோ தின்றால் 50 கிலோ எடையுள்ளவருக்கு உடம்பு கிலோவுக்கு 1 மி.கி. போகும். 2020-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கக்கூடிய அளவாக எடுத்துக்கொண்டதும் இதே 1 மி.கி.தான். நூறு மடங்கு இடைவெளி எல்லாம் இங்கே கிடையாது. இயற்கையாக விளைந்தது என்பதால் தானாகவே பாதுகாப்பு வந்துவிடாது.

நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. எங்கள் ஏரியில் பாதரசம் இருக்கிறது என்று சின்ன வயதில் இருந்தே கேள்விப்படுகிறேன். டாக்டர் மீன் சாப்பிடச் சொல்கிறார். மாமியார் வேண்டவே வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
*– கொடைக்கானல் வாசகி*

இரண்டு பேரும் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். ஏரி மீனைப் பொறுத்தவரை மாமியார் சொல்வதைக் கேளுங்கள். கடல் மீனில் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், ஆனால் மீனைப் பார்த்து வாங்குங்கள்.

கொடைக்கானலில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. ஏரித் தண்ணீரிலும் அடிமண்ணிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை 2006-ல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. தெர்மாமீட்டருக்குள் உருள்கிறதே, அந்தப் பாதரசத்தை விழுங்கினால் குடல் அதிகம் உறிஞ்சாது. ஆனால் அது சேற்றுக்குப் போனால் அங்கே இருக்கிற நுண்ணுயிர் அதை மீத்தைல் பாதரசமாக மாற்றும். அது பாசியில் ஏறி, சின்ன மீனில் ஏறி, பெரிய மீனில் குவியும். குடலில் கிட்டத்தட்ட முழுதும் உறிஞ்சப்பட்டு, நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையின் மூளைக்குப் போகிறது.

இதற்கு 2003-ல் வைத்த வார வரம்பு உடம்பு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம். இது எலியில் இருந்து வந்த எண் இல்லை. பரோ தீவுகளிலும் சீஷெல்ஸ் தீவுகளிலும் மீனே சாப்பாடாக வாழ்கிற தாய்மார்களின் தலைமுடியில் பாதரசத்தை அளந்து, அவர்கள் பெற்ற பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று வருடக் கணக்கில் பார்த்து எடுத்தது. மனிதரையே நேராகப் பார்த்துவிட்டதால் நூறால் வகுக்கவில்லை, 6.4-ஆல்தான் வகுத்தார்கள். அதாவது இந்த வரம்புக்கும் கெடுதல் தெரிகிற அளவுக்கும் நடுவில் தூரம் குறைவு. அதனால்தான் பாதரசத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

நீங்கள் 55 கிலோ என்றால் வாரத்துக்கு 88 மைக்ரோகிராம். நம் நாட்டுச் சட்டப்படி உணவில் மீத்தைல் பாதரசம் கிலோவுக்கு 0.25 மி.கி. வரை இருக்கலாம். அந்த அளவைத் தொட்டு நிற்கிற மீன் என்றால் வாரம் 350 கிராமிலேயே உங்கள் பங்கு முடிந்துவிடும். மத்தி, நெத்திலி மாதிரி சின்ன மீனில் இது பல மடங்கு குறைவு, பிள்ளையின் மூளைக்கு வேண்டிய கொழுப்பும் அதில் நிறைய. மலைக்கு வருகிற ஐஸ் பெட்டியில் இருந்து வாரம் இரண்டு நாள் மத்தி வாங்கிக் குழம்பு வையுங்கள். சுறா வேண்டாம், பெரிய சூரையும் வேண்டாம், பெரிய வஞ்சிரத்தைப் பிரசவம் வரைக்கும் தள்ளி வையுங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை. டீக்கு அஸ்பார்ட்டேம் மாத்திரை போடுகிறார், ஒரு நாளைக்கு ஆறு. புற்றுநோய் வரும் என்று 2023-ல் செய்தி வந்ததே?
*– குன்னூர் வாசகர்*

அந்த வருடம் ஜூலையில் இரண்டு குழுக்கள் பேசின. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு முகமை, 'புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம்' என்ற பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியல் கெடுதல் செய்யும் தன்மை இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்கும், எவ்வளவு தின்றால் என்று கேட்காது. எவ்வளவு என்று கேட்பது இன்னொரு குழு, அது பழைய வரம்பான கிலோவுக்கு 40 மி.கி. என்பதை மாற்ற வேண்டியதில்லை என்றது. அப்பா 60 கிலோ என்றால் நாளைக்கு 2,400 மி.கி. ஒரு மாத்திரையில் சுமார் 20 மி.கி., அப்படியானால் 120 மாத்திரை. ஆறு போடுகிறவரைப் பயமுறுத்தாதீர்கள், அவர் பயந்துபோய்த் திரும்பச் சீனிக்குப் போனால் அதுதான் ஆபத்து. பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறை உள்ளவர்களுக்கு மட்டும் இது கூடவே கூடாது.

அக்கா, என் வீட்டுக்காரர் கூலிக்கு மருந்து அடிக்கப் போகிறார். உருளை, கேரட், கோஸ் எல்லாத் தோட்டத்துக்கும். சாயங்காலம் வந்தால் தலைவலி, கண்ணில் தண்ணீர் வடிகிறது. சாப்பிடுகிறவர்களுக்கு வரம்பு இருக்கிறது என்கிறீர்கள், இவருக்கு வரம்பு இல்லையா?
*– கோத்தகிரியில் இருந்து*

இந்தக் கடிதத்தைத்தான் முதலில் போட்டிருக்க வேண்டும். தங்கை, இவருக்கும் வரம்பு உண்டு, வேலை செய்கிறவருக்கு என்று தனியாக ஒரு எண் வைக்கிறார்கள். ஆனால் காயை அளக்க லேப் இருக்கிற மாதிரி உங்கள் வீட்டுக்காரரை அளக்க யாரும் தோட்டத்துக்கு வருவதில்லை.

முதல் கேள்வியில் அந்தக் குழந்தைக்குக் கேரட்டில் போனது 0.0012 மி.கி. அதே குளோர்பைரிபாஸ் 20 சதவீத டப்பாவைத் திறந்து மூடியில் அளக்கும்போது ஒரு மில்லி கையில் வழிந்தால் அதில் சுமார் 200 மி.கி. இருக்கிறது. தோல் அதில் நூறில் ஒரு பங்கை உள்ளே விட்டாலும் 2 மி.கி. ஆகிவிடும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாள் வரம்பு 0.6 மி.கி.தான். ஆகவே தெளிக்கிற நேரத்தை விடக் கலக்குகிற நேரம்தான் மோசம். டப்பாவைத் திறக்கிறதுக்கு முன்னாடி ரப்பர் கையுறை போட வேண்டும். துணிக் கையுறை போடவே கூடாது, அது ஊறிப்போய் மருந்தை நாள் முழுக்கத் தோலில் ஒட்டி வைத்துக்கொண்டிருக்கும்.

நம் மலையில் இன்னொன்று இருக்கிறது, யாரும் இதைப் பேசி நான் கேட்டதில்லை. ஸ்வெட்டர். காலைக் குளிரில் ஸ்வெட்டரோடு டேங்கை முதுகில் மாட்டுகிறார்கள், மூடியில் இருந்து கசிகிறது, முதுகுப் பக்கம் கம்பளி ஊறுகிறது. வெயில் இல்லாததால் அது காய்வதும் இல்லை, அடிக்கடி துவைப்பதும் இல்லை, மறுநாளும் அதே ஸ்வெட்டர்தான். சாயங்காலம் பிள்ளை ஓடிவந்து அதைக் கட்டிக்கொள்கிறது. டேங்குக்கும் முதுகுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஷீட் கட்டச் சொல்லுங்கள், ஸ்வெட்டரை அதற்கு உள்ளே போடட்டும். வீட்டுக்கு வெளியிலேயே உடுப்பை மாற்றி, சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் அடுப்பங்கரைக்கு வர வேண்டும். அந்தத் துணியைத் தனி வாளியில், கையுறை போட்டுத் துவையுங்கள். காற்றடிக்கிற நேரம் அடிக்க வேண்டாம் என்று அவரே தோட்டக்காரரிடம் சொல்லலாம், காற்றில் போகிற மருந்து அவர்களுக்கும் நஷ்டம்தான்.

தலைவலியும் கண்ணீரும் தினமும் வருகிறது என்றால் அரசு மருத்துவமனையில் என்ன மருந்து அடிக்கிறார் என்று சொல்லி, ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் (முதல் பதிலில் சொன்னேனே, இந்த மருந்து முடக்குகிற நொதி) பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அது சரியாகிற வரைக்கும் அவர் டேங்க் தூக்கக்கூடாது, கூலி போகிறதே என்று விடாதீர்கள். என்றைக்காவது வாயில் எச்சில் வழிந்து, உடம்பெல்லாம் வியர்த்து, கண்மணி குண்டூசித் தலை மாதிரி சுருங்கி, மூச்சு இறுக்கினால் ஒரு நிமிடம்கூட வீட்டில் வைத்திருக்க வேண்டாம். 108-க்குக் கூப்பிடுங்கள். உடுப்பைக் கழற்றித் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். இதற்கு அட்ரோபின் என்ற மாற்று மருந்து உண்டு, ஆனால் எந்த மருந்து என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும், அதனால் டப்பாவையோ அதில் ஒட்டியிருக்கிற லேபிளையோ ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள்.